பதினான்காம் கட்டம்

ஏ நீலம், பி மஞ்சள்.
பிரெஸ்ட் நகரத்தில் பத்தொன்பது வருஷமாக
இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் உட்கார்ந்து
சம்பளம் வாங்குகிறேன்.

மோதிய கையோடு
பானெட் மேலேயே தாளை விரித்து
இருவரும் நிரப்பி இருவரும் கையெழுத்திட வேண்டும்.
பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது என்று
தாளே முன்கூட்டிச் சொல்லிவிடும்.
படம் வரையவும் இடம் உண்டு:
காருக்குப் பெட்டி, போன திசைக்கு அம்பு.
நடுங்கும் கை வரைந்த தெருக்கள்
எப்போதும் கொஞ்சம் வளைந்தே வரும்.
அழுகைக்குக் குறியீடு கிடையாது.
நானும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த தாளில்
காலை ஆறு ஐம்பது, தூறல்,
பலகை ஏதும் இல்லாத நாற்சந்தி.
ஏ: எனோரா கெர்வெல்லா,
வீடு வீடாய்ப் போய் இன்சுலின் போடும் நர்ஸ்.
பி: ஜில்தாஸ் மெவெல், வேன் நிறைய ஆர்ட்டிசோக்.
இருவருமே எங்கள் பாலிசிக்காரர்கள்.
அவர் வேனின் மூக்கு அவள் வலக் கதவில்.

பலகை இல்லாத சந்தியில்
வலப்பக்கத்தில் வருபவர்தான் ராஜா.
இங்கே சைக்கிள் பழகும் பிள்ளைக்கும் தெரியும்.
பதினாறாம் கட்டத்தில் அவருடைய பெருக்கல் குறி.
அவள் பக்கம் பதினேழு கட்டமும் வெறுமை.
காப்பி ஆறுவதற்குள் மூடுகிற ஃபைல்.

மூடியிருப்பேன்.

பதினான்காம் கட்டம், 'என் குறிப்புகள்'.
வழக்கமாக அங்கே வெயில் கண்ணில் அடிக்கும்,
எதிராளி பறந்துவந்திருப்பான்,
முன்பே நசுங்கிய பம்பரும் அன்றைக்கே நசுங்கும்.
மெவெல் எழுதியது மூன்றே சொல்:
அவளைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

அழைத்தேன்.
"ஐயா, இந்த வரி வேண்டுமா?
விதிப்படி உங்கள் மேல் தூசு இல்லை."
தொண்டையைச் செருமினார்.
"தூரத்திலேயே பார்த்துவிட்டேன்.
வீட்டு எண் தேடிக்கொண்டு
அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.
'பார், இவள் நிற்கமாட்டாள்' என்று
பக்கத்து சீட்டிலிருந்த நாயிடம் சொன்னேன்.
சொல்லி முடிக்க நேரம் இருந்தது.
கால் பிரேக்குக்குத்தான் போனது.
நான் போகவிடவில்லை.
வழி என்னுடையது, இல்லையா?"
"உங்களுடையதுதான்."
"அதான்" என்றார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லையாம்.
வழி முழுக்கச் சொந்தமாயிருந்த ஒருவரின் மடியில்
இந்தக் கனத்தை யார் வைத்தது?

பக்கத்து மேஜை சில்வி எட்டிப் பார்த்துவிட்டு,
"பெரிய மனசு. ஆனால் அட்டவணையில் இல்லை" என்றாள்.
இல்லைதான்.
நாயோடு பேசும் நேரத்துக்கு அதில் பத்தி கிடையாது.
தட்டினேன்:
ஏ நூறு. பி சுழி.

வெள்ளிக்கிழமை அவள் அழைத்தாள்.
முதல் முந்நூற்று இருபது யூரோ என் கையிலிருந்தா?
ஆமாம்.
பிரீமியமும் கால்வாசி ஏறுமா?
ஆமாம், மேடம்.
அவர் எழுதியதைப் படித்தீர்களா?
படித்தேன்.
அந்த வரி என் கதவுக்குப் பணம் தருமா?
தராது.
"பிறகு எதற்கு எழுதினார்?
மழையில் இரண்டு பேரும் குனிந்து
உருண்ட காய்களைப் பொறுக்கினோம்.
ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினார்.
நல்ல மனிதர் என்று நினைத்தேன்.
நாள் முழுக்க அவரிடம்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
மனதுக்குள்.
இப்போது அதை
யாரிடம் திருப்பி வாங்குவது?"

நான் பேசவில்லை.
உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்ற
அறிவிப்பு மட்டும் நினைவுக்கு வந்தது.

"அந்தக் காய் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது" என்றாள்.

நாற்பது நிமிடம் வேகவைக்க வேண்டும்,
கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, என்றேன்.
வேறெதுவும்
என் அதிகாரத்தில் இல்லை.