அரை கிளட்ச்

இரண்டு தடவை பெயிலான பிறகு
கோட்டகலைப் பக்கம் ஓர் ஏற்றத்தை
எனக்கென்று பிடித்துக்கொண்டேன்.
விடியக்காலம் ஐந்தரைக்கு
பால் வேன்கூட வராத ரோடு.
பனி மட்டும்
ஹெட்லைட்டுக்கு முன்னால் நின்று
என்ன சங்கதி என்று பார்க்கும்.

ஓரமாய் துஷாந்தினி நிற்பாள்,
ஸ்கூல் சப்பாத்தோடு,
ஒரு கையில் பாதி ரொட்டி,
மற்றக் கையில் கல்.
ஆட்டோ பின்னுக்கு உருண்டால்
சில்லுக்கு அடியில் வைப்பது அவள் வேலை.
ஒன்பது வயதில்
இவ்வளவு பொறுப்பான வேலை
எனக்குக் கிடைத்ததில்லை.

ஆட்டோ சிவநேசனுடையது.
சிவநேசன் கட்டாரில்.
லீசிங் மட்டும் இங்கேயே இருக்கிறது,
மாதம் பிறந்தால் தவறாமல்
போனில் வந்து சுகம் விசாரிக்கும்.

ஹட்டன் ட்ரயலில்
முதல் தடவை என்ஜின் நின்றது.
இரண்டாம் தடவை எதுவுமே நிற்கவில்லை;
கோட்டைத் தாண்டிப் பின்னுக்கே போய்
பேரிக்காய் விற்பவரின் கூடையில்
முட்டிக்கொண்டுதான் ஓய்ந்தது.
பரீட்சகர் பேனையை மூடினார்.
"ஆயெத் என்ன."
ஸ்டாண்டிலிருந்து மோகனராஜ் கத்தினான்:
"அக்கா, கொழுந்துக் கூடைக்கு
கியர் இல்லைதானே!"

அன்றிரவு தூக்கமில்லை.
பத்து வருஷம் மலையில் நின்றவள் நான்.
அட்டைக்கும் மழைக்கும் நடுவில்
தலைக்கயிற்றில் கூடை இழுக்க இழுக்க
சரிவில் கால் வழுக்காமல் நின்றவளுக்கு
மூன்று சில்லை நிறுத்தத் தெரியவில்லை.

நிறை குறைந்த நாளில் அரைப்பேர் விழும்.
அரை என்ற சொல் மேல்
அப்போதிருந்தே எனக்கு ஆத்திரம்.
அரைச்சம்பளம். அரைவயிறு.
எட்டாம் வகுப்போடு விட்ட அரைப்படிப்பு.
அதனால்தானோ என்னவோ
கிளட்சை
ஒன்று முழுசாய்ப் பிடிப்பேன்,
இல்லை முழுசாய் விடுவேன்.

நடுவில் ஓர் இடம் இருக்கிறது.
யாராலும் காட்ட முடியாது,
விரலுக்குத்தான் தெரியும்.
இடது கையை மெல்ல விட விட
வண்டி லேசாய் நடுங்கும்,
மூக்கைத் தூக்கும்,
முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.
மலை இழுக்கிற அளவுக்கு
என்ஜினும் இழுத்துக்கொண்டிருக்கும்.
பார்க்கிறவனுக்கு அது
சும்மா நிற்கிற ஆட்டோ.

போன வருஷம் முழுக்க
நான் அப்படித்தான் நின்றிருந்தேன்.
இவள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறாள் என்றார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்றைக்குத் தூறல்.
பின்னால் கொழுந்து லொறி,
ஹோர்ன் அடிக்கிறான், அடிக்கிறான்.
கை நடுங்கியது, வண்டியும் நடுங்கியது,
இரண்டு நடுக்கமும் ஓரிடத்தில் சந்தித்தன.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

உருளவில்லை.

மூன்று எண்ணினால் போதும்.
ஏழு மட்டும் எண்ணினேன், ஆசைக்கு.
பிறகுதான் முறுக்கினேன்.

ஏற்றம் முடிந்து கண்ணாடியில் பார்த்தால்
துஷாந்தினி ஓடி வருகிறாள்
கல்லையும் தூக்கிக்கொண்டு.

வியாழக்கிழமை மூன்றாவது ட்ரயல்.
பாஸாவேனா, தெரியாது.
ஆனால் அந்த "ஆயெத் என்ன" இருக்கிறதே,
தெரியாத பாஷை இல்லை அது.
தோற்ற அன்று காது மட்டும்
தமிழாய்க் கேட்டுவிட்டது:
திரும்பவும் என்ன, என்னத்துக்கு என்று.
சிங்களத்தில் அந்த 'என்ன'வுக்கு
'வாங்க' என்று அர்த்தம்.
திரும்ப வாங்க என்றுதான்
அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார்.

"போதும், கல்லைப் போடு" என்றேன்.
போடவில்லை.
சீட்டுக்கு அடியில் பத்திரமாய் வைத்துவிட்டு
"நாளைக்கும் வேணுமே" என்றாள்
மிச்ச ரொட்டியைக் கடித்தபடி.