நாற்பத்திரண்டும் முப்பத்தெட்டும்

மார்ச் கடைசி வாரத்தில் எலாடியோ கடைக்கு வருவார்.
கோயா நகரத்தில் அப்போதும் வெயில் தணிந்திருக்காது.
ஆற்றங்காற்று வாசல் திரையைத் தொட்டுவிட்டுத்
திரும்பிப் போகும்.
அவர் மட்டும் கம்பளிக் காலுறை போட்டிருப்பார்.

இடது கால் நாற்பத்திரண்டு.
வலது கால் முப்பத்தெட்டு.
குறைகிற நான்கு எண்களைத்
தெற்கே ஒரு தீவின் ஈரக் குழியில்
பத்தொன்பது வயதில் விட்டுவிட்டு வந்தார்.
பனி எந்த நிறம் என்று கேட்டுக்கொண்டே
கப்பலேறிய பையன்கள்.
மற்றதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

முதல் தடவை வந்தபோது
சப்பாத்தின் முனையில் செய்தித்தாள் திணித்திருந்தார்.
"நடந்தால் சத்தம் போடுகிறது.
அணிவகுப்பில் பக்கத்தில் வருகிறவன்
திரும்பிப் பார்க்கிறான்."
பதக்கம் குத்தியவர்கள்
கால் அளவு கேட்டிருக்கவில்லை.

இரண்டு பெட்டிகளைத் திறந்தேன்.
இதில் ஒன்று, அதில் ஒன்று.
இரண்டு ஜோடிக்கும் பணம் எண்ணி வைத்தார்.
பாதியை அவர் பக்கம் தள்ளினேன்:
"மிச்சத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும்."
முப்பது வருடமாகச் சப்பாத்து விற்கிறேன்.
ஒற்றையைத் திரும்ப வாங்கிய கம்பெனியை
நான் கண்டதில்லை.

கணக்கு எழுதும்போது என் தம்பி பேனாவை நிறுத்துவான்.
"இது விற்றதா, விற்காததா?"
"மழையில் நனைந்தது என்று எழுது."
"வருடத்துக்கு ஒரே ஒரு ஜோடியை மட்டும்
தேடி வந்து நனைக்கிற மழையா, நிதியா?"
முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான்.

போன வருடம் ஏணியைப் பிடிக்கச் சொல்லி
நான்தான் அவரைக் கூப்பிட்டேன், புத்தி கெட்டுப்போய்.
பரணிலிருந்து சாக்கு சரிந்தது.
இடது முப்பத்தெட்டுகள் எட்டு,
வலது நாற்பத்திரண்டுகள் எட்டு,
தரையெல்லாம்.
குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.
தூசு தட்டினார்.
"கம்பெனி" என்றார்.
"ஆமாம்" என்றேன், ஏணியில் நின்றபடி.
"என் கம்பெனியும் அப்படித்தான்.
கொண்டுபோனதை முழுசாகத் திருப்பித் தந்ததில்லை."

பணத்தை வீசுவார் என்று பயந்தேன்.
சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
பிறகு விரலை நீட்டி,
"எனக்கு நேரெதிர்க் காலோடு ஒருவன் பிறந்திருப்பான்.
கண்டுபிடித்துக் கூட்டி வருவது என் பொறுப்பு" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு பூசையில்
எல்லோரும் பீடத்தைப் பார்க்க
அவர் தரையைப் பார்க்கிறார்.
பாதிரியார் அதைப் பக்தி என்று நினைக்கிறார்.
பஸ் நிலையத்தில், மீன் சந்தையில்,
பந்து மைதானத்தில், சாவு வீட்டில்கூட
ஊர்க் கால்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

நேற்று மூச்சிரைக்க வந்தார்.
"எஸ்கினாவில் ஒரு படகோட்டி!
இடது கால் சின்னது. என் கண்ணால் பார்த்தேன்."
"அப்புறம்?"
"கிட்டே போய்க் கேட்டேன்.
இடது சரியாகத்தான் இருக்கிறதாம்.
வலதில் குளவி கொட்டிய வீக்கம்."

இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.
பிறகு காலுறையைக் கழற்றிக் காலை நீட்டினார்.
மார்ச் அல்லவா.
மனப்பாடமான கால்தான்.
ஆனாலும் அளவுகோலை எடுத்து
இரண்டையும் அளந்தேன்.