மறுதாம்பு

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரம்.
கொம்பையாவின் ஏத்தன் தோட்டத்தில்
மாசி மாதம் நாங்கள் நுழைந்தபோது
வாழைக்கு நடுவே ஒன்பது செடி,
என்னைவிட உயரம், பூத்து நின்றது.
ரோட்டில் ஜீப்பை நிறுத்தும்போதே வாடை வந்துவிட்டது:
ஈர ஆட்டுத்தோல்,
அதில் யாரோ எலுமிச்சை பிழிந்த மாதிரி.

வேரோடு பிடுங்கியிருக்க வேண்டும்.
மண்வெட்டி கொண்டுபோகவில்லை.
யானை இறங்குற நேரம் சார், யானை இறங்குற நேரம்
என்று வாட்சர் பொதிகாசலம்
மலையைப் பார்த்தபடியே நின்றார்.
ஏட்டையா கொம்பையாவின் பன்னரிவாளையே வாங்கி
முழங்கால் உயரத்துக்கு வரிசையாக அரிந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் நான் எழுதினேன்:
ஈரத்தோடு பதினோரு கிலோ நானூறு.
அடிக்கட்டையில் ஒட்டியிருந்த
நாலைந்து இலையை
யாரும் எடை போடவில்லை.

ஆனியில் வக்கீல் கேட்டார்:
மேல்பாதி இங்கே இருக்கிறது,
கீழ்ப்பாதி எங்கே?
எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.
சாயங்காலமே மண்வெட்டியோடு கிளம்பினேன்,
சாட்சிக்கு வி.ஏ.ஓ. சங்கரவடிவு,
வழி காட்ட
ஜாமீனில் வந்திருந்த கொம்பையா.

திருச்செந்தூரில் மொட்டை போட்டிருக்கிறார்.
அரை விரல் முளைத்திருந்தது,
முன்னால் நரை, பின்னால் கறுப்பு.
முந்தி அவர் தலை நரைத்திருந்ததா?
ஞாபகம் இல்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்தது.
ஒவ்வொரு கட்டையிலும் பச்சை.
பச்சையாற்றுத் தண்ணீரை வாழைக்குத்தான் பாய்ச்சினாராம்.
இருக்கலாம்.
ஆனால் இலை, அந்த இலை இல்லை.
எனக்குக் காட்டிக்கொடுத்த படத்தில்
ஏழு விரல், ஒவ்வொன்றிலும் ரம்பப் பல்.
இதற்கு ஒரே விரல்.
பல் இல்லாமல், வழவழவென்று,
சுருண்டு,
எதற்கென்று தெரியாமல் வெளியே வந்தது போல.

“இது துளசி வகையில்லா?”
என்றார் சங்கரவடிவு, குனியாமலே.
“கையெழுத்துப் போடுறவன் நாந்தான.
நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா
நான் என்னத்தச் சொல்லுவேன்?”

போனில் இருந்த படத்தைக் கட்டையோடு வைத்துப் பார்த்தேன்.
குப்பை மேனி என்றாலும் நம்பலாம்.
காய்த்ததை மறந்து
திரும்ப இலைக்கு வருகிற செடியை
எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கொம்பையாதான் வாய் திறந்தார்.
“அறுத்ததுக்குப் பொறவு வாரதுல்லா மேடம்.
மொத ஒரு மாசம் அப்படித்தான் வரும்,
ஒத்த எல. பொறவு மூணாவும்.
பொறவு அதுக்கே தெரிஞ்சிரும்.”
சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சங்கரவடிவு ஒரு வாழையின் பின்னால் போய்
ரொம்ப நேரம் சிறுநீர் கழித்தார்.

நான் தோண்டினேன்.
வேர் நினைத்ததைவிடக் கெட்டி,
ஒன்றுக்கு மண்வெட்டிக் கணை விண்டுவிட்டது.
எட்டு வந்தது. ஒன்பதாவது இடத்தில்
பன்றி கிளறிய பள்ளம்.
பன்றி என்று கொம்பையா சொன்னார்.
பள்ளத்தின் விளிம்பு
பன்றிக்குக் கொஞ்சம் நேராக இருந்தது.

மகஜரில் எழுதினேன்:
அடிக்கட்டை எட்டு, துளிருடன்.
இலை வடிவம் என்ற இடத்தில்
பேனா நின்றது.
பிறகு அதையும் எழுதினேன், ஒத்தை விரல் என்று,
யார் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

ராத்திரி லைபாய் போட்டு மூன்று தடவை கழுவியும்
நகத்துக்குள் ஆட்டுத்தோல்.
தட்டில் சோற்றைப் போட்ட அம்மா
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு
கையெழுத்துப் போட வந்தவர்
ரைட்டர் மேசையில் ஒரு சீப்பு ஏத்தன் வைத்தார்.
எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன்.
எடுத்துக்கொண்டார்.
படியிறங்கும்போது திரும்பினார்.
“மறுதாம்புதான் மேடம்.
மொதக் காய்ப்பு மாதிரி இருக்காது.”

பழத்தைத்தான் சொன்னார்
என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.