காலில் இருந்த எண்

மாசி பிறந்து நாலாம் நாள்.
தகட்டூருக்குத் தெற்கே, சம்பா அறுத்த வயலில்
செத்துக் கிடந்தது ஓர் ஊசிவால் வாத்து.
உத்திராபதியின் கிடையோடு சேர்ந்து
இரண்டு நாளாய் மேய்ந்ததாம்.
'விருந்தாளின்னு விட்டுட்டேன் சார்.'

கால்நடை ஆய்வாளர் நான்.
மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து,
இதுதான் என் உத்தியோகம்.
அந்த வெள்ளை அங்கிக்குள் புகுந்ததும்
வரப்பில் நின்ற நாய்
என்னைப் பார்த்துக் குரைத்தது; தினமும்
என் வண்டிக்குப் பின்னால் ஓடிவரும் நாய்.

கண்ணாடியில் ஆவி படரக்
குனிந்து காலைத் தூக்கினேன்.
அலுமினிய வளையம். ஏழு இலக்கம்.
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்
ஏதோ ஓர் ஊர்.

டாக்டர் ஜுலைகா நாகூரிலிருந்து வந்தார்.
தொண்டையில் ஒரு பஞ்சு, பின்புறம் ஒரு பஞ்சு,
ஐஸ் பெட்டி, போபாலுக்கு.
பிறகு கைப்பேசியை வளையத்தின் மேல் பிடித்து
அந்த நாட்டின் பெயரைச் சொன்னார்.
உத்திராபதிக்குத் தெரிந்திருந்தது.
'டிவியில குண்டு போடுற ஊருதானே.'

வளையம் மாட்டிய அலுவலகத்துக்கு எழுதினோம்.
அப்படியொரு முகவரி இல்லையென்று
அரை நிமிடத்தில் திரும்பி வந்தது.

குண்டு விழும் ஊரில்
கோழி செத்தால் யார் எழுதிக்கொள்வது?
எந்தப் பதிவேட்டில்?
சட்டி பானையோடு கூண்டையும் தூக்கி ஓடுகிறவள்
அடுத்த ஊர்ச் சாலையில்
யாருடைய கூண்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பாள்?
காய்ச்சலென்று வந்தவனைக்
காயம்பட்டவர்கள் வரிசையில்
எத்தனையாவதாக நிறுத்துவது?
நோய்க்கு அங்கே ஒரு சௌகரியம்:
இருமினால் யாருக்கும் கேட்காது.

இங்கே கேட்கிறது.
கிடையை உடனே கிளப்பு என்கிறார்கள் வயல்காரர்கள்.
ஓர் அடியும் நகர்த்தக் கூடாதென்று
நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
கேரளத்து முட்டை லாரி
வாய்மேட்டிலேயே திரும்பிவிட்டது.
ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு வாத்துகளும்
வலைக்குள் நின்று முட்டையிடுகின்றன.
வாங்கிய முன்பணத்துக்கு
உத்திராபதி யாரிடம் என்ன சொல்வார்,
அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

ஒன்பதாம் நாள் ஒரு பதில் வந்தது,
வேறொரு நாட்டிலிருந்து.
ஜுலைகா நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்:

'அலுவலகத்தின் கூரை போய்விட்டது.
பதிவேடுகளைக் குளிருக்கு எரித்தோம்.
நான் முகாமில் இருக்கிறேன்.
அந்த எண் நான் மாட்டியது. மூன்று கோடைக்கு முன்,
சட்டை முழுக்க நனைத்துவிட்டது அந்தப் பறவை.
இங்கே கோழிகள் சாகின்றன.
விழுந்ததைச் சமைக்கிறார்கள்.
வேண்டாமென்று தடுத்தால்
பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ரொட்டி இல்லை.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
எண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்று நாற்பத்தாறு.
என் வாத்து நலமா?'

கொஞ்ச நேரம் வாத்துகளின் சத்தம் மட்டும்.
'அவங்களுக்கு நஷ்டஈடு உண்டா சார்?'
என்று கேட்டார் உத்திராபதி.
நான் காலணியில் ஒட்டிய சேற்றைப் பார்த்தேன்.
'அப்ப உசுரோட இருக்குன்னு எழுதிடுங்க டாக்டர்.
சோறு போட்டோம்னு எழுதுங்க.'

ஜுலைகா எழுதினார்:
இறந்து காணப்பட்டது. தேதி. இடம்.
மாதிரி அனுப்பியாயிற்று, முடிவு வரவில்லை.
வருந்துகிறேன் என்று சேர்த்தார்.
அழித்தார்.
மறுபடி சேர்த்தார்.
நாற்பத்தாறை மட்டும் தனியே எடுத்து
மேலிடத்துக்கு அனுப்பினார்.

பொழுது சாய்கிறது.
அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் பக்கமிருந்து
இன்னொரு கூட்டம் தாழப் பறந்து வந்து
வலையைக் கண்டு விலகிப் போகிறது.
உத்திராபதி கழியைத் தட்டித் தட்டி
வாசல் வழியே ஒவ்வொன்றாய் விடுகிறார்.
உதடு மட்டும் அசைகிறது.
கடைசி வாத்தும் உள்ளே போனதும்
சத்தமாகச் சொல்கிறார்:
ஆயிரத்து நூற்று நாற்பது.

கழியை ஊன்றி நிற்கிறார்.
எல்லாவற்றையும் வெளியே ஓட்டி
முதலிலிருந்து தொடங்குகிறார்.