பதினொன்று பதினேழு

இசட் புள்ளி கொஞ்சம் வழுக்கியதால்
கிடைத்த பாடம் இது.
வேறு கதை என்னிடம் இல்லை.
விரிவுரை மண்டபத்தில் நாற்பத்தொரு பெண்கள்,
நான், பிறகு
ஊன்றுகோலோடு மூன்றாம் மாடி ஏறிவரும் இம்தியாஸ்.
லிஃப்ட் பழுது என்ற அறிவித்தல்
முதலாம் வருடத்திலிருந்து அதே நூலில் தொங்குகிறது.
உட்படுத்தற் கல்வி என்று பலகையில் எழுதி முடியும்வரை
அவன் மூச்சு வாங்குவது பின்வரிசையில் கேட்கும்.

வெள்ளவத்தையில் மரக்கறிக் கடைக்காரர்
என்ன படிக்கிறீர் தம்பி என்றார் ஒருநாள்.
சொன்னேன்.
"புண்ணியமான வேலை" என்று
கறிவேப்பிலை ஒரு கொத்து சும்மா போட்டார்.
பொறியியல் படிக்கும் அறைத்தோழன் நிரோஜனுக்குப்
புண்ணியமும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை.
எனக்கு ஏனோ
அந்தக் கொத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.
கொடுக்கவில்லை. சொதிக்குள் போட்டோம்.

கற்பித்தல் பயிற்சி பம்பலப்பிட்டியில்.
கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே
ஒரு பாடசாலையின் பின்பக்கம்,
உடைந்த மேசைகள் கிடந்த அறையைத் துடைத்து
விசேட அலகு என்று எழுதியிருந்தார்கள்.
ஏழு பிள்ளைகள்.
எனக்கு வந்தவன் அகர்ஷன், வயது ஒன்பது.
சோடா மூடிகளை நிறம் பார்த்து அடுக்குவான்.
பேசமாட்டான்.

அவதானிப்புப் படிவம்
சிங்களத்திலிருந்து தமிழுக்கு வரும் வழியில்
எங்கேயோ பஸ் மாறி ஏறியிருக்க வேண்டும்.
"பிள்ளை கண்ணைத் தொடர்பு கொள்கிறதா?"
இல்லை என்று கோடிட்டேன்.
"நடத்தைக்கு முந்திய காரணி" என்று ஒரு நிரல்.

9.38 இரு காதையும் பொத்தினான். காரணம் இல்லை.
10.06 பொத்தினான். காரணம் இல்லை.
10.41 காரணம் இல்லை.
11.17 (செவ்வாயன்று 11.20) இல்லை.
11.52
மூன்று நாள் எழுதினேன்.
கையெழுத்து அழகாகக்கூட வந்தது.

மேற்பார்வைக்கு வந்த வஜிரா மிஸ்
தாளைப் புரட்டிவிட்டுத்
தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:
"காரணம் இல்லை. தெரியாது. ரெண்டும் ஒண்ணா?"

அன்று பின்னேரம் புகையிரத நிலையத்தில்
உப்புக் காற்றில் சட்டை ஒட்ட நின்றபோது
நேர அட்டவணை கண்ணில் பட்டது.
படிவத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன்.
9.40. 10.08. 10.43. 11.54.
எங்கள் யாருக்கும் கேட்பதற்கு
இரண்டு நிமிடம் முன்பே
தண்டவாளம் அவனுக்குச் சொல்லிவிடுகிறது.

11.17க்கு வண்டி இல்லை.
சரக்கு ரயில் ஏதும் போகுமா என்று
ரிக்கட் கொடுப்பவரிடம் கேட்டேன்.
தலையாட்டினார், அடுத்த ஆளைப் பார்த்தார்.

இரவு, ஒப்படை எழுதிக்கொண்டிருக்கையில்
நிரோஜன் போர்வைக்குள்ளிருந்து கத்தினான்:
"டேய், அந்தப் பேனைய டக் டக் எண்டு அமத்தாத,
ரெண்டு வருசமாச் சொல்லுறன்."

இடைவேளை முடிந்து
எனக்கு அலுப்புப் பிடிக்கும் நேரம் அது.

அடுத்த நாள் பென்சில் கொண்டுபோனேன்.
11.17.
அகர்ஷன் பச்சை மூடியொன்றை
மஞ்சள் வரிசையின் நுனியில் வைத்துப் பார்த்தான்,
பிடிக்கவில்லை, எடுத்தான்.
11.20. 11.25.
காரணி நிரலில் என் பெயரை எழுதினேன்.
மிஸ் அதைச் சிவப்பால் சுழித்துக்
கேள்விக்குறி போட்டு,
பிறகு கேள்விக்குறியை மட்டும் வெட்டியது
அடுத்த கிழமை நடந்தது.

அன்று 11.52க்கு நான் தயாராக இருந்தேன்.
அவன் கை எழவில்லை.
மூடிகள் நீலத்துக்கு வந்திருந்தன.
இன்றைக்கு வண்டி பிந்துகிறது என்று
அவனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.