கல்வாய்

ஆறாம் மாடியில்
ஒரு இறக்கை ஆடும் மின்விசிறிக்குக் கீழே
வர்த்தமானியைத் தமிழாக்குவது என் வேலை.
சிங்களப் பிரதி காலையில் வரும்,
நாலு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கழிவுநீரில் ஈயம் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு,
வெப்பம் இத்தனை பாகைக்கு மேல் கூடாது.
எண்களோடு எனக்குப் பிரச்சினை இல்லை,
தலைப்பில்தான் சிக்கினேன்.
சகிப்பு எல்லை என்றெழுதி வெட்டினேன்.
தாங்கும் எல்லை, அதையும் வெட்டினேன்.
கலைச்சொல் அகராதி 'பொறுதி' என்றது.
யார் பொறுப்பது என்று அகராதியில் இல்லை.
கிருலப்பனைப் பாலத்தடியில்
ஆறு மாதமாக ஜன்னலைத் திறக்காத பஸ்மினாவா?
கரையேறிப் படுத்திருக்கும் கபரகொய்யாவா?
மூன்று ஐம்பதுக்குப்
பொறுதி எல்லை என்றே கையெழுத்திட்டேன்.

ருவந்தி கள உத்தியோகத்தர்.
கயிற்றில் போத்தல் கட்டிப் பாலத்திலிருந்து இறக்குவாள்,
இலக்கமிட்டு ஐஸ் பெட்டியில் அடுக்குவாள்.
"புதன் நீலம், வெள்ளி சிவப்பு,
சனி இரவு என்ன நிறமோ தெரியாது,
சனி இரவில் எங்களுக்கு வாகனம் இல்லை."

சாயப்பட்டறைக்கு மூன்று அறிவித்தல் போயிற்று.
மூன்றாவதுக்குப் பிறகு தொட்டி கட்டினார்கள்.
ஜீப் வாசலில் நிற்கும்வரை
அதன் மோட்டார் நன்றாக ஓடுகிறது.
வடக்குக் குழாய் அடைபட்டது உண்மை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அந்த இடத்தில் இப்போது ஒரு கொக்கு நிற்கிறது,
சம்பளம் கிடைக்காத காவலாளி மாதிரி.

போன மாதம் அறிவித்தல் பலகை நட்டார்கள்.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
நடுவில் நான் எழுதிக் கொடுத்த வரி:
கல்வாயில் கழிவுநீர் விடுவது தண்டனைக்குரிய குற்றம்.

கல்வாய்.
வர்ணம் பூசியவன் கையில் ஒரு கால் தவறிவிட்டது.
காலுக்கே காலில்லை.
பஸ்ஸை விட்டிறங்கி அங்கேயே நின்றேன்.
முதலில் சிரிப்பு வந்தது.
பிறகு தண்ணீரைப் பார்த்தேன்.
எதைக் கொட்டினாலும் விழுங்கிக்கொண்டு
எந்த விசாரணையிலும் திறக்காத
கல் வாய்தான்.

எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன்.
அடுத்த வருட ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்றார்கள்.

ருவந்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
"எங்கே விடுபட்டது, காட்டு" என்றாள்.
விரலை வைத்துக் காட்டினேன்.
போத்தலுக்கு இலக்கமிடும் கறுப்புப் பேனையால்,
மழைக்கும் அழியாதாம்,
'க'வுக்குப் பக்கத்தில் கோடு இழுத்தாள்.
இடம் போதவில்லை.
வளைவு கொஞ்சம் கோணல்,
கால் மட்டும் பலகையின் விளிம்புவரை நீண்டுவிட்டது.

"சரியா?"
"சரி."

அன்று வெள்ளிக்கிழமை.
கயிற்றை இறக்கினாள்.
நான் பலகையைப் பார்த்துக்கொண்டே
என்ன நிறம் என்று கேட்டேன்.