பிழை வரம்பு

அரசாங்கப் பெட்டிக்குள் நீல வெல்வெட்.
அதில் பித்தளை எடைகள், பெரியதிலிருந்து சிறியதுவரை,
பூசைக்கு வந்த குடும்பம் போல வரிசையாக.
விரலால் தொடக்கூடாது,
வியர்வைக்கும் எடை உண்டு.
இடுக்கியால் எடுத்து இடுக்கியால் வைப்பேன்.

பத்தொன்பது வருஷமாகக்
கடலூர் முதுநகரில் தராசு சோதிக்கிறேன்.
எந்தத் தராசும் சரியில்லை.
சட்டத்துக்கே அது தெரியும்.
கிலோவுக்கு இவ்வளவு போகலாமென்று
அட்டவணை போட்டுத் தந்திருக்கிறது.
பிழை வரம்பு என்று பெயர்.
அதற்குள் நின்றால்
ஈயத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன்.

உம்மிடம் அந்த அட்டவணையைத் தேடினேன், ஆண்டவரே.
மனதுக்குள் கோபித்தாலே கொலைக்கணக்கில் எழுதுகிறீர்.
ஒரு கன்னம் போதாமல் மறு கன்னமும் கேட்கிறீர்.
பரலோகத்தில் இருப்பவரைப் போலவே நானும் ஆகவேண்டுமாம்.
எங்கள் துறையில் இப்படியொரு சுற்றறிக்கை வந்தால்
சங்கம் மறுநாளே வேலைநிறுத்தம் அறிவிக்கும்.

என் தம்பி இருதயராஜ்
பண்ருட்டி முந்திரித்தோப்பை எழுதி வாங்கியது
ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
கட்டைவிரல் மையோடுதான்
அம்மாவைப் பெட்டியில் வைத்தோம்.
பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்டார்:
"மன்னித்துவிட்டீர்களா?"
"ஆச்சு சாமி" என்றேன்.
அந்தப் பொய்யைச் சொல்ல
மறுபடியும் வரிசையில் நின்றேன்.

தவக்காலத்து நாலாம் வெள்ளி.
துறைமுகத்தில் மங்கவரத்தாளின் கல்லைப் பிடித்தேன்.
கிலோவுக்கு நாற்பது கிராம் குறை,
உப்புக்காற்று தின்றது.
"தெரியும் சார்" என்றாள், ஈ ஓட்டிக்கொண்டே,
"தேஞ்சி ரெண்டு வருஷமாச்சி.
அதுக்குத்தான நிறுத்தப்புறம்
ஒரு கை நெத்திலி அள்ளிப் போடறேன்?
அத எழுதிக்க மாட்டியா?"

படிவத்தை இரண்டு பக்கமும் பார்த்தேன்.
கொசுறுக்குக் கட்டம் இல்லை.
அபராதம் எழுதினேன், ரசீது கிழித்தேன்.
எனக்கும் ஒரு கை அள்ளினாள்.
லஞ்சம் என்று தட்டிவிட்டேன்.
ஆபீஸ் வந்து பெட்டியை இறக்கும்போது
சட்டைக்கையில் ஒரு நெத்திலி ஒட்டியிருந்தது.
மூன்று கிராம் இருக்கும்.
உத்தேசம்தான். நான் எதையும்
உத்தேசமாகச் சொல்பவன் இல்லை.

இன்று ஞாயிறு.
ஆண்கள் பக்கம், மூன்றாவது தூண்.
சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம்
எல்லோருக்கும் கும்பிடுவேன்,
அவன் நிற்கும் திசைக்கு மட்டும்
ஏழு வருஷமாகக் கழுத்து போனதில்லை.
இன்று போனது.
நரைத்திருக்கிறான்.
அம்மாவின் காது அவனுக்குத்தான் வந்திருக்கிறது,
இத்தனை நாள் கவனிக்கவில்லை.
கை கூப்பினேன். முழுக்கச் சேரவில்லை.
உள்ளே ஒருத்தன்
தோப்பின் சர்வே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.
அவன் பதிலுக்குக் கும்பிட்டானா என்று
பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

இது மன்னிப்பு இல்லை, தெரியும்.
என் மேசைக்கு வந்திருந்தால்
நானே முத்திரை மறுத்திருப்பேன்.
நிறுத்துப் பாரும்.
குறையும். நிறையவே குறையும்.
ஆணி ஏறிய அந்தக் கை
ஏதாவது அள்ளிப் போடுமானால்
இந்த முறை தட்டிவிடமாட்டேன்.

போடாவிட்டாலும்
அடுத்த ஞாயிறு வருவேன்.
அதே தூண்.